பச்சரிசி தின்ற நாட்கள்

அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் என்னைத் தனியாக விடாத வீடு எங்களுடையது. புடைத்து முறத்தில் வைத்திருக்கும் அரிசியில் ஒரு பிடியை அள்ளிப் பாவாடை மடியில் கட்டிக்கொண்டு கொல்லைப்புறம் போய்விடுவேன். "இப்படியே வாயில போட்டு அரைச்சிக்கிட்டு இரு, உன் கல்யாணத்தன்னிக்கு மழை கொட்டப் போவுது பாரு" என்று ஆயா திட்டும். என் கல்யாணம் பென்னாகரத்தில் சித்திரை வெயிலில் நடந்தது. ஒரு தூறல்கூட விழவில்லை. அரிசி தின்பது மட்டும் நிற்கவில்லை. பள்ளிக்கூடத்தில் ஆசிரியையாகச் சேர்ந்த பிறகும், வீட்டுப்பாட நோட்டுகளைத் திருத்தும்போது மேசை இழுப்பறையில் ஒரு சிறு டப்பா அரிசி இருக்கும்.

முப்பத்தெட்டாவது வயதில், மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனேன். அங்கிருந்த மருத்துவர் என் கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்தார், நகங்களைப் பார்த்தார், பிறகு மிகச் சாதாரணமாகக் கேட்டார்: "டீச்சர், பச்சரிசி தின்னுவீங்களா? சாம்பல், மண்ணு, ஐஸ்கட்டி, ஏதாச்சும்?" இருபது வருடங்களாக வீட்டுக்கு வெளியே யாருக்கும் தெரியாது என்று நான் நினைத்துக்கொண்டிருந்த ஒன்றைத் தெரியாத ஒருவர் வாய்விட்டுச் சொன்னதும் முகம் சுட்டது. ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 8.1 என்று வந்தது. கருவுறாத பெண்ணுக்கு 12-க்குக் குறைந்தால் ரத்தசோகை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு.

உணவல்லாததை, அல்லது உணவையே சமைக்காமல், தின்னத் துடிக்கும் இந்த வேட்கைக்கு மருத்துவத்தில் 'பைக்கா' என்று பெயர். கண்டதையும் கொத்தித் தின்னும் ஒரு பறவையின் லத்தீன் பெயரிலிருந்து வந்தது. நமக்கு இது புதிதன்று. பகைவர் கைப்பற்றி உண்ண முடியாத மண், மசக்கையுற்ற பெண்கள் விரும்பித் தின்றால் அன்றி வேறு எவரும் தின்னாத மண் என்று ஒரு சேர மன்னனின் நாட்டைப் புகழ்கிறது புறநானூற்றின் 20-ஆம் பாட்டு. மசக்கைக்காரி மண் தின்பாள் என்பது அந்தப் புலவருக்கு விளக்கத் தேவையில்லாத உலக வழக்கு. இரும்புச்சத்துக் குறைவுக்கும் இந்த வேட்கைக்கும் தொடர்பு உண்டு என்பதை மருத்துவர்கள் மீண்டும் மீண்டும் கண்டிருக்கிறார்கள். சோகையால் மண் தின்றால், அந்தக் களிமண் குடலில் இருக்கும் கொஞ்சநஞ்ச இரும்பையும் பற்றிக்கொண்டு வெளியேறிவிடும். சோகை மண்ணைத் தேட வைக்கிறது, மண் சோகையை வளர்க்கிறது.

அந்த 8.1-ஐப் பார்த்து எனக்கு வந்தது அச்சமன்று, கோபம். ஏனென்றால் அதற்கு முந்தைய ஓராண்டாக நான் இரும்பு மாத்திரை தின்றுகொண்டுதான் இருந்தேன். ஒரு தனியார் மருத்துவமனையில் இரும்பு மாத்திரையும் கால்சியம் மாத்திரையும் எழுதிக் கொடுத்திருந்தார்கள். மருந்துக் கடையில் இரண்டு உறைகளின் மேலும் 'காலை 1' என்று பேனாவால் எழுதித் தந்தார்கள். நானும் வரி தவறாமல், காலை எழுந்ததும், இரண்டையும் ஒன்றாக வாயில் போட்டு, கள்ளிச்சொட்டுப் போன்ற டிகிரி காபியால் விழுங்கினேன். சுகாதார நிலைய மருத்துவர் இதைக் கேட்டுச் சிரிக்கவில்லை, தலையில்தான் கைவைத்துக்கொண்டார். காபியில் இருக்கும் பாலிஃபீனால்கள் இரும்பைக் கட்டிப்போடும். தேநீர் அதைவிட மோசம். பாலில் இருக்கும் கால்சியமும், கூடவே போன கால்சியம் மாத்திரையும் இரும்பு உள்ளே போகும் வழியை மறிக்கும். ஒரு வருடம் நான் காசு கொடுத்து வாங்கிய இரும்பில் பெரும்பங்கு கழிவறைக்குத்தான் போயிருக்கிறது.

இதற்குப் பிறகுதான் தாது உப்புகளைப் பற்றித் தேடித் தேடிப் படிக்கத் தொடங்கினேன். நான் கற்பிப்பது சமூக அறிவியல், உயிரியல் அன்று. ஆனாலும் சொந்த உடம்பைப்போல உற்சாகமூட்டும் பாடநூல் வேறில்லை. வளர்ந்த ஒருவரின் உடம்பில் இருக்கும் மொத்த இரும்பு நான்கு கிராமைத் தாண்டாது. இரண்டு அங்குல ஆணி ஒன்றின் எடையைவிடச் சற்றுக் கூடுதல், அவ்வளவுதான். அதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு ரத்தச் சிவப்பணுக்களுக்குள் இருந்துகொண்டு நுரையீரலிலிருந்து ஆக்சிஜனைச் சுமக்கிறது. ஒரு சிவப்பணுவின் ஆயுள் ஏறத்தாழ 120 நாட்கள். அது செத்ததும், பழைய நகையை உருக்கிப் புது நகை செய்யும் ஆசாரியைப்போல, உடம்பு அதிலிருக்கும் இரும்பைப் பிரித்தெடுத்துப் புதிய அணுக்களுக்குக் கொடுத்துவிடுகிறது. நாளொன்றுக்கு இப்படிச் சுழலும் இரும்பு இருபது மில்லிகிராமுக்கு மேல். வெளியே போய் வீணாவது ஒரு மில்லிகிராம் மட்டுமே. மாதவிலக்கு வரும் பெண்களுக்கு அது ஒன்றரை, இரண்டு என்று கூடும்.

இழப்பு இரண்டு மில்லிகிராம்தான் என்றால், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் வெளியிட்ட பரிந்துரையில் பெண்களுக்கு நாளொன்றுக்கு 29 மில்லிகிராம் இரும்பு என்று ஏன் போட்டிருக்கிறார்கள்? முதலில் பார்த்தபோது அச்சுப்பிழை என்றே நினைத்தேன். சோறு, பருப்பு, கீரை என்று உண்ணும் நம் உணவிலிருந்து இரும்பில் பத்தில் ஒரு பங்கு, சில சமயம் அதற்கும் குறைவாகவே, குடலைக் கடந்து ரத்தத்துக்குப் போகிறது. மிச்சம் வந்த வழியே போய்விடும். இறைச்சியிலும் மீனிலும் இருக்கும் இரும்பு வேறு உருவில் இருப்பதால் அதைப்போல இரண்டு மூன்று மடங்கு எளிதாக உள்ளே போகிறது. ஆகவே தட்டில் எவ்வளவு இருக்கிறது என்ற கணக்கு வேறு, உடம்புக்கு எவ்வளவு வந்து சேர்ந்தது என்ற கணக்கு வேறு. நம் வீடுகளில் சத்தைப் பற்றி நடக்கும் பேச்செல்லாம் முதல் கணக்கைப் பற்றியே இருக்கிறது. பேரீச்சம்பழம் தின்றால் ரத்தம் ஊறும் என்று எனக்கு டப்பா டப்பாவாக வாங்கி வந்தார்கள். நான்கு பழத்தில் இருக்கும் இரும்பு இரண்டு மில்லிகிராமை எட்டுவதே அரிது. அதிலும் பத்தில் ஒரு பங்கு! இனிப்பாக இருந்தது, அதனால் தின்றேன்.

குடலில் ஒரு காவலும் உண்டு. 2000-ஆம் ஆண்டையொட்டிக் கண்டறியப்பட்ட ஹெப்சிடின் என்ற ஹார்மோனைக் கல்லீரல் சுரக்கிறது. இரும்பு நிறைய வந்தால் அது கூடி வாசலைச் சாத்திவிடும். இரும்பு மாத்திரை போட்ட மறுநாளும் அதன் கெடுபிடி தொடர்வதால்தான் சில மருத்துவர்கள் ஒருநாள் விட்டு ஒருநாள் மாத்திரை எழுதுகிறார்கள். உடம்பில் எங்காவது தொற்றோ அழற்சியோ இருந்தாலும் வாசல் சாத்தப்படும். இவ்வளவு கெடுபிடி ஏன் என்றால், உள்ளே வந்துவிட்ட இரும்பை வெளியே தள்ளுவதற்கு உடம்புக்கு முறையான வழி எதுவும் கிடையாது. மிகுதியான இரும்பு கல்லீரலிலும் இதயத்திலும் படிந்து கெடுக்கும்.

மருத்துவர் எனக்குச் சொன்னது எளிமையானதுதான். இரும்பு மாத்திரையை மதிய உணவுக்கு ஒரு மணி நேரம் முன்னால், எலுமிச்சைச் சாறு பிழிந்த தண்ணீரோடு போட வேண்டும். அதிலிருக்கும் வைட்டமின் சி இரும்பைக் கரையும் நிலையில் வைத்திருக்கும். கால்சியம் இரவில். காபியைச் சாப்பாட்டுக்கு அருகில் கொண்டுவரக் கூடாது. கடைசியில் சொன்னதுதான் கடினம். ஹீமோகுளோபின் ஏற மாதங்கள் பிடித்தன. ஆனால் பத்துப் பதினைந்து நாட்களிலேயே ஒன்றைக் கவனித்தேன். இட்லிக்கு ஊறவைக்க அரிசியை அளந்து போட்டுக்கொண்டிருந்தேன். நான்கு படி அளந்து முடிந்தது. கை வாய்க்குப் போகவே இல்லை. ரத்தம் ஏறுவதற்கு முன்பே வேட்கை நின்றுவிடுவது பலருக்கும் நடப்பதுதான் என்று மருத்துவர் சொன்னார். இருபது வருடம் என் கெட்ட பழக்கம் என்று நான் வெட்கப்பட்டது பழக்கமே அன்று.

மண் தின்பதைப் பற்றிப் படிக்கப் போய்த்தான் ஈரானின் ஷிராஸ் நகரத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். பீகாரின் பக்சாரில் பிறந்த ஆனந்த பிரசாத் என்ற இளம் மருத்துவர் 1958-இல் அங்கே வேலைக்குப் போயிருந்தார். ஒருநாள் அவரிடம் ஒரு நோயாளியைக் காட்டினார்கள். வயது 21, பார்த்தால் பத்து வயதுப் பையன். உயரமில்லை, பூப்பெய்துவதன் அடையாளம் எதுவும் இல்லை, கடும் ரத்தசோகை. அவன் உண்டது புளிக்க வைக்காத கோதுமை ரொட்டி. அதோடு களிமண்ணும் தின்றான். அதே போன்ற இளைஞர்கள் இன்னும் பலர் அந்த வட்டாரத்தில் இருந்தார்கள். இரும்புக் குறைவு சோகையை விளக்கியது, குட்டையாக நின்றுபோனதை விளக்கவில்லை. துத்தநாகம் இல்லாவிட்டால் விலங்குகள் வளராது என்பது அப்போதே தெரியும்; ஆனால் மனிதனுக்குத் துத்தநாகக் குறைவு வரவே வராது, எல்லா உணவிலும் அது இருக்கிறது என்பதுதான் மருத்துவ உலகின் எண்ணம். பிரசாத் 1961-இல் தம் ஐயத்தை வெளியிட்டார். பிறகு எகிப்துக்குப் போய், அங்கிருந்த இதே போன்ற இளைஞர்களிடம் அளந்து மெய்ப்பித்தார். துத்தநாகம் கொடுத்ததும் அவர்கள் வளர்ந்தார்கள். ஆனாலும் அமெரிக்காவில் அதை இன்றியமையாத சத்துகளின் பட்டியலில் சேர்க்க 1974 ஆயிற்று.

இந்தக் கதையை அப்பாவிடம் சொன்னபோது அவர் கொஞ்சமும் வியக்கவில்லை. எங்களுக்கு ஏரிப்பாசனத்தில் கொஞ்சம் நெல் உண்டு. நட்ட சில வாரங்களில் பயிர் எழாமல் குட்டையாக நின்று, இலையில் துருப்பிடித்தாற்போல் புள்ளி விழுந்தால், ஏக்கருக்குப் பத்துக் கிலோ ஜிங்க் சல்பேட் என்ற துத்தநாக உப்பை மணலில் கலந்து வீசுவார். "பயிருக்கு வர்றது புள்ளைக்கு வராதா?" என்றார். மண் பரிசோதனை அட்டையில் மணிச்சத்து (பாஸ்பரஸ்), சாம்பல்சத்து (பொட்டாசியம்) எல்லாவற்றையும் விரல்நுனியில் வைத்திருக்கும் அவருக்குத் தம் சொந்த ரத்தத்தில் என்ன இருக்கிறது என்று ஒருமுறைகூடப் பார்க்கத் தோன்றியதில்லை என்பது வேறு விஷயம்.

ஷிராஸ் பையனின் ரொட்டியில் துத்தநாகம் இல்லாமல் இல்லை. கோதுமைத் தவிட்டில் இருக்கும் ஃபைட்டேட் என்ற பொருள் அதைப் பிடித்து வைத்திருந்தது. தானியமும் பயறும் மணிச்சத்தை அடுத்த தலைமுறைக்காகச் சேமித்து வைக்கும் பெட்டி அது. துத்தநாகம், இரும்பு, கால்சியம் மூன்றையும் கூடவே கட்டிப்போட்டுவிடும். விதை முளைக்கும்போது அந்தப் பெட்டியைத் திறக்கும் நொதி தானாக எழும். மாவு புளிக்கும்போதும் ஃபைட்டேட் சிதையும். நம் சமையலறைகளில் ஊறவைப்பதும் முளைகட்டுவதும் இரவெல்லாம் மாவைப் புளிக்கவிடுவதும் ருசிக்காகவும் செரிமானத்துக்காகவும் வந்த வழக்கங்கள். ஆனால் அவை இந்தப் பூட்டையும் திறந்திருக்கின்றன. முன்னோர் எல்லாம் அறிந்து செய்தார்கள் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொள்வதில் எனக்கு விருப்பமில்லை. அறிந்து செய்திருந்தால் என் ஆயா என்னைத் திட்டியிருக்காது, வைத்தியம் பார்த்திருக்கும்.

கேழ்வரகு எங்கள் மாவட்டத்தின் தானியம். நூறு கிராமில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் கால்சியம்; அதே எடை பசும்பாலில் 120, தீட்டிய அரிசியில் பத்து. ஆள் ஒன்றுக்கு நாளுக்கு ஆயிரம் மில்லிகிராம் வேண்டும் என்னும்போது, இரண்டு களி உருண்டை எவ்வளவு பெரிய பங்கைத் தருகிறது என்பதைப் பார்த்துக்கொள்ளலாம். இங்கும் இரண்டாவது கணக்கு உண்டு. கேழ்வரகில் ஃபைட்டேட்டும் இருக்கிறது, கால்சியத்தைப் பிடித்துவைக்கும் ஆக்சலேட்டும் இருக்கிறது. மாவைக் கரைத்துப் புளிக்கவைத்துக் காய்ச்சிய கூழிலும், முளைகட்டி அரைத்த மாவிலும் இந்தத் தடை குறையும். மாவை அப்படியே கிளறும் களியில் அவ்வளவு குறையாது. களிக்கு நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு என்பது எங்கள் ஊர்ச் சேர்க்கை. நெத்திலியை முள்ளோடு தின்பதால் கால்சியமும், மீன் என்பதால் களியில் இருக்கும் இரும்பை இழுத்துச் செல்லும் துணையும் சேர்ந்து கிடைக்கின்றன. அதைவிடச் சுவையான ஊட்டச்சத்து ஆலோசனையை எந்த வல்லுநரும் எனக்குத் தந்ததில்லை. இரும்புச் சட்டியில் வைத்த புளிக்குழம்பு கறுத்துப்போவதும் சட்டியின் இரும்பு குழம்பில் இறங்குவதால்தான். என் அம்மா பளபளப்பு வேண்டி அந்தச் சட்டியைப் பழைய இரும்புக்காரருக்குப் போட்டுவிட்டு நான்-ஸ்டிக் வாங்கினாள், நானும் தடுக்கவில்லை.

உப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் எனக்கும் என் நாத்தனாருக்கும் நடந்த வாக்குவாதம் இன்னும் முடியவில்லை. அயோடின் நாளுக்கு 150 மைக்ரோகிராம் போதும். எழுபது ஆண்டு வாழ்வுக்கும் சேர்த்தால் நான்கு கிராம்கூட வராது. ஒரு தேக்கரண்டிக்குள் அடங்கும். அந்தத் தேக்கரண்டி இல்லாவிட்டால் கழுத்துக் கழலை வரும் என்பது எல்லாருக்கும் தெரியும். கருவிலிருக்கும் குழந்தையின் மூளை வளர்ச்சி கெடும் என்பதுதான் அதைவிடப் பெரிது. இமயமலை அடிவாரத்துக் காங்ரா பள்ளத்தாக்கில் 1956-இல் மருத்துவ ஆய்வாளர் வி. ராமலிங்கசுவாமியும் அவருடன் இருந்தோரும் தொடங்கிய ஆய்வு, உப்பில் அயோடின் சேர்த்தால் கழலை குறையும் என்று காட்டியது. 1962-இல் தேசியத் திட்டம் வந்தது. 2006 முதல் அயோடின் சேர்க்காத உப்பை நேரடி உணவுக்கென்று விற்கக் கூடாது என்பது சட்டம். கடலிலிருந்துதானே உப்பு வருகிறது, அதில் அயோடின் இருக்குமே என்று நாத்தனார் கேட்டாள். பாத்தியில் காய்ந்த கல்லுப்பில் அது தங்குவதில்லை. அவள் இப்போது வாங்கும் இளஞ்சிவப்பு இந்துப்புப் பொட்டலத்தில் எண்பதுக்கு மேற்பட்ட தாதுக்கள் இருப்பதாக அச்சிட்டிருக்கிறது. அதில் மிகப் பெரும்பகுதி நம் கல்லுப்பைப்போலவே சோடியம் குளோரைடுதான். மற்றவை எல்லாம் சேர்ந்தும் ஒரு வாய்க் கீரைக்கு ஈடாகாது. அயோடின் சேர்க்கப்பட்டது என்ற முத்திரை மட்டும் அந்தப் பொட்டலத்தில் இல்லை.

என் வகுப்பில் வாரம் ஒரு நாள் நீலநிற இரும்பு மாத்திரை கொடுக்கிறோம். சாப்பிட்டதும் குமட்டுகிறது என்று பெண்கள் அதைப் பென்சில் பெட்டியில் ஒளித்துவைப்பார்கள். வருடக் கடைசியில் மேசையைத் தூக்கினால் நீலமாகக் கொட்டும். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழகத்துப் பெண்களில் பாதிக்கு மேல், 53.4 விழுக்காட்டினர், ரத்தசோகையில் இருந்தார்கள். குமட்டல் குறையட்டும் என்று மதிய உணவுக்குப் பிறகு என் கண்முன்னால் விழுங்கச் சொல்கிறேன். குடற்புழு மாத்திரையையும் விடுவதில்லை, ஏனென்றால் செருப்பில்லாத காலில் ஏறும் கொக்கிப்புழு குடலில் தொங்கி ரத்தம் குடித்துக்கொண்டிருக்கும்போது எத்தனை மாத்திரை தந்தும் பயனில்லை. போன வருடம் எட்டாம் வகுப்பில் ஒருத்தி சிலேட்டுக்குச்சி தின்றுகொண்டே பாடம் கேட்டாள். தமிழாசிரியர் அடிக்கக் கை ஓங்கினார். நான் அவளை ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப் போனேன்.

அந்தப் பெண்ணின் அம்மா என்னைப் பார்க்க வந்தபோதுதான் இன்னொன்று பேச்சில் வந்தது. மகள் சிரிக்கும்போது வாயைக் கையால் மூடிக்கொள்வாள். முன்பற்களில் குறுக்கே பழுப்புக் கோடுகள். எங்கள் பக்கத்தில் இது புதுமையே அன்று. வேலைக்குச் சேர்ந்த புதிதில், பாதி வகுப்பு வெற்றிலை போடுகிறதோ என்று நினைத்தவள் நான். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பாறைகளில் ஃபுளோரைடு தாதுக்கள் உண்டு. மழை பொய்க்கப் பொய்க்க ஆழ்துளைக் கிணறு ஆழமாகப் போகும்; ஆழத்து நீர் பாறையோடு நெடுங்காலம் கிடப்பதால் ஃபுளோரைடு கூடுதலாகக் கரைந்து வரும். லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு நீரே இல்லாவிட்டால் 1.5 வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தர அளவு. ஓரளவு இருந்தால் பல் சொத்தையைத் தடுக்கும் அதே பொருள், மிஞ்சினால் எனாமல் உருவாகும் வயதில் பல்லைக் கறையாக்கும். ஆண்டுக்கணக்கில் மிஞ்சினால் எலும்பில் ஏறி முதுகை விறைக்கவைக்கும். பழைய சென்னை மாகாணத்து நெல்லூரில் இப்படி முதுகு வளைந்தவர்களைப் பற்றி 1937-லேயே மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். உணவில் போதிய கால்சியம் இருந்தால் குடலில் அது ஃபுளோரைடின் ஒரு பகுதியைக் கட்டிப்போடும். களி தின்னும் வீட்டைவிட ரேஷன் அரிசிச் சோறு மட்டும் தின்னும் வீட்டில் கேடு கூடுதலாக இருக்க வாய்ப்பு உண்டு. ஆனால் இது தட்டில் தீரும் விஷயமன்று. எதைத் தின்பது, எதோடு தின்பது என்று நான் ஆயிரம் சொல்லலாம். குழாயில் எந்தத் தண்ணீர் வருகிறது என்பதை அந்த அம்மாவால் தீர்மானிக்க முடியாது. ஜப்பான் நிதியுதவியோடு கட்டிய ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் தொடங்கிவைக்கப்பட்டது. காவிரி நீர் ஊர் ஊராக, மெதுவாக, வந்து சேர்ந்தது.

"டீச்சர், ரத்தத்துக்கு மாத்திரை குடுத்தீங்க, சரியாப் போச்சு. இந்தப் பல்லுக்கும் ஒரு மாத்திரை இருந்தா எழுதிக் குடுங்களேன்" என்றார் அந்த அம்மா. இல்லை என்று சொன்னேன். எனாமல் ஒருமுறைதான் உருவாகும், பல் மருத்துவர் மேற்பூச்சு வேண்டுமானால் பூசலாம் என்றேன். அவர் மடியில் மூன்றாம் வகுப்பு படிக்கும் மகன் உட்கார்ந்திருந்தான். அக்காவுக்குப் பல் உருவான வயதில் வீட்டில் போர் தண்ணீர். இவனுக்கு அந்த வயதில் ஆற்றுத் தண்ணீர் குழாய் வந்துவிட்டது. முன்பல் இரண்டும் விழுந்து புதிதாக எழுந்திருந்தன. வாயைத் திறக்கச் சொன்னேன். வெள்ளையாக இருந்தன.